கல்கத்தாவில் பிறந்து கென்யாவில் பெயர் மாறிய வங்கி

கிரிண்ட்லேஸ் பேங்க் என்றால் இந்த ஊர்த் தமிழர்களில் ஐம்பது வயது தாண்டியவர்களுக்குச் சட்டென்று ஞாபகம் வந்துவிடும். டல்ஹௌசி ஸ்கொயர் பக்கம் பெரிய கட்டடம். உள்ளே நுழைந்தால் ஒரு குளிர்ச்சி, ஓர் அமைதி. வெள்ளைக்காரன் வங்கி என்பதால் நம்மவர்களுக்கு அதன்மேல் மரியாதை பாதி, பயம் பாதி. நான் 1971-இல் ஓர் அரசுடைமை வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்து முப்பத்து நான்கு வருடம் குப்பை கொட்டியவன். வேலையில் சேர்ந்த புதிதில் ஒருநாள், கூட வந்த சீனியர் அந்தக் கட்டடத்தைக் காட்டி, "இதோட ஒரிஜினல் பேரு என்ன தெரியுமோ? நேஷனல் பேங்க் ஆஃப் இந்தியா" என்றார். நான் நம்பவில்லை. பெயரைக் கேட்டால் நம் அரசாங்கத்தின் வங்கி மாதிரி இருக்கிறது, இதுவோ லண்டன் கம்பெனி. விளையாடுகிறார் என்றுதான் நினைத்தேன்.

அவர் சொன்னது உண்மை என்று பிறகு தெரிந்துகொண்டேன். அதைவிட ஆச்சரியமான இன்னொரு விஷயம் வெகுநாள் கழித்துத்தான் தெரிய வந்தது. கல்கத்தாவில் பிறந்த அந்த நேஷனல் பேங்க் ஆஃப் இந்தியாவின் ஒரு கிளைதான் கென்யாவில் வளர்ந்து, பெயர் மாறி, கென்யா கமர்ஷியல் பேங்க் ஆயிற்று. இன்று கே.சி.பி. என்ற மூன்றெழுத்தில் கிழக்கு ஆப்பிரிக்காவின் மிகப் பெரிய வங்கிகளில் ஒன்றாக நிற்கிறது. இந்தியாவில் கிரிண்ட்லேஸ் என்ற பெயரே அழிந்துபோனது. 1984-இல் ஆஸ்திரேலியாவின் ஏ.என்.இசட். வங்கி வாங்கியது, 2000-இல் ஸ்டாண்டர்டு சார்ட்டர்டு விழுங்கியது. கடல் கடந்துபோன பிள்ளை மட்டும் வேறு பெயரில் வாழ்கிறது. அந்தப் பிள்ளையின் கதையைத்தான் இந்த மலரில் சொல்லப் போகிறேன்.

பெயரில் மட்டும் இந்தியா

1863-இல் கல்கத்தா சிட்டி பேங்கிங் கார்ப்பரேஷன் என்ற பெயரில் இந்த வங்கி தொடங்கியது. அடுத்த ஆண்டே நேஷனல் பேங்க் ஆஃப் இந்தியா என்று பெயர் மாற்றிக்கொண்டது. 1866-இல் தலைமை அலுவலகம் லண்டனுக்குப் போய்விட்டது. அதாவது, இந்தப் பெயரோடு இந்தியாவில் தலைமையகம் வைத்திருந்தது இரண்டே வருடம்தான். அதற்குப்பின் முடிவெடுப்பது லண்டன், லாபம் சேர்வதும் லண்டன்.

வங்கித் தொழிலில் இல்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தக் காலத்தில் கல்கத்தா, பம்பாய், மதராஸ் மூன்று இடத்திலும் இருந்த பிரெசிடென்சி வங்கிகள் அந்நியச் செலாவணி வியாபாரம் செய்யக் கூடாது என்று சட்டம். ரூபாயைப் பவுண்டாக்குவது, ஏற்றுமதி உண்டியலை வாங்கி லண்டனில் காசாக்குவது, இதெல்லாம் எக்ஸ்சேஞ்ச் வங்கிகள் என்ற தனி வகையின் கையில் இருந்தது. நேஷனல் பேங்க் ஆஃப் இந்தியா அந்த வகை. சணல், தேயிலை, பருத்தி எங்கே கப்பல் ஏறுமோ அங்கே இவர்கள் கவுண்டர் திறப்பார்கள். பழைய விளம்பரங்களில் இவர்களுடைய கிளைப் பட்டியல் வரும். கல்கத்தா, கான்பூர், சிட்டகாங், கொச்சி, கொழும்பு, கண்டி, கராச்சி, ரங்கூன், மாண்டலே, ஏடன், ஜான்சிபார், மொம்பாசா, நைரோபி, கம்பாலா... இதற்கு நடுவே மதராஸும் இருக்கும், நம்ம தூத்துக்குடியும் இருக்கும். தூத்துக்குடிப் பஞ்சு வியாபாரியும் உகாண்டாவின் ஜின்ஜா ஊர்ப் பஞ்சு வியாபாரியும் ஒரே வங்கியின் லெட்ஜரில்! ஆனால் ஒருவரை ஒருவர் கேள்விப்பட்டிருக்கக்கூட மாட்டார்கள்.

வட்டித் தொழில் என்றவுடன் நமக்கு நகரத்தார் நினைவு வருவது இயல்பு. அவர்கள் பார்வை கிழக்கே இருந்தது, பர்மா, மலாயா, சிலோன் என்று. மேற்குக் கடலைத் தாண்டி ஆப்பிரிக்கா போனவர்கள் பெரும்பாலும் கட்ச், கத்தியவார் பக்கத்து ஆட்கள். ஜான்சிபார் சுல்தானின் சுங்க வசூலையே பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெய்ராம் சிவ்ஜி என்ற கட்ச்சி வணிக நிறுவனம் குத்தகைக்கு எடுத்து நடத்தியது என்றால் அவர்கள் செல்வாக்கைப் புரிந்துகொள்ளலாம். யானைத் தந்தமும் கிராம்பும் போகும், துணியும் மணியும் வரும். பணம் ரூபாயில் புழங்கும். அந்த வியாபாரத்தின் வாசனை பிடித்துத்தான் 1892-இல் நேஷனல் பேங்க் ஆஃப் இந்தியா ஜான்சிபாரில் கிளை திறந்தது.

ரயிலோடு வந்த வங்கி

கென்யா என்ற பெயரே அன்று அந்த நாட்டுக்குக் கிடையாது. 1888-இல் சாசனம் பெற்ற இம்பீரியல் பிரிட்டிஷ் ஈஸ்ட் ஆப்பிரிக்கா கம்பெனி அதை ஆள முயன்று, கையில் காசில்லாமல் தோற்றது. 1895-இல் பிரிட்டிஷ் அரசே ஏற்றுக்கொண்டு கிழக்கு ஆப்பிரிக்கப் பாதுகாப்புப் பிரதேசம் என்று பெயரிட்டது. கம்பெனி விட்டுப்போன சொத்துகளில் ஒரு செப்புக் காசும் உண்டு. மொம்பாசா பைசா என்பார்கள். ஒரு பக்கம் தராசுச் சின்னம், 1888 என்று வருடம். அந்தக் காசுகளில் ஒரு பகுதி அச்சானது எங்கே தெரியுமா? நம் கல்கத்தா நாணயச்சாலையில். நாணயம் சேகரிப்பவர்கள் இதை நன்றாக அறிவார்கள்.

1896-இல் மொம்பாசாவிலிருந்து விக்டோரியா ஏரிக்கு ரயில் பாதை போட ஆரம்பித்தார்கள். அதே வருடம் நேஷனல் பேங்க் ஆஃப் இந்தியா மொம்பாசாவில் கிளை திறந்தது. இரண்டும் தற்செயலாக ஒரே வருடத்தில் நடந்தவை அல்ல. பாதை போட இந்தியாவிலிருந்து, பெரும்பாலும் பஞ்சாபிலிருந்து, சுமார் 32,000 கூலிகளை ஒப்பந்தத்தில் கப்பலேற்றினார்கள். அவர்களுக்குச் சம்பளம் ரூபாயில். அரிசி, பருப்பு, கோதுமை வந்தது இந்தியாவிலிருந்து, அதற்கும் ரூபாய். நாட்டின் தபால் தலைகூட ஆரம்பத்தில் இந்தியத் தபால் தலையின்மேல் 'பிரிட்டிஷ் ஈஸ்ட் ஆப்பிரிக்கா' என்று முத்திரை குத்தியதுதான். சட்டமும் இந்தியச் சட்டம், தண்டனைச் சட்டத்திலிருந்து ஒப்பந்தச் சட்டம் வரை. இந்திய ரூபாய், இந்தியச் சட்டம், இந்திய வாடிக்கையாளர் எல்லாம் தயாராக இருக்கும்போது இந்தியப் பெயர் கொண்ட ஒரு வங்கிக்கு வேறென்ன வேண்டும்?

அந்தப் பாதையில் ஏறக்குறைய 2,500 இந்தியத் தொழிலாளர்கள் இறந்தார்கள். சாவோ ஆற்றுப் பாலத்தில் 1898-இல் இரண்டு சிங்கங்கள் கூலிகளைத் தூக்கிக்கொண்டுபோன கதை உலகப் பிரசித்தம். ஆனால் சிங்கம் கொன்றதைவிட மலேரியாவும் வயிற்றுக்கடுப்பும் கொன்றதுதான் பல மடங்கு. 6,000-க்கும் மேற்பட்டோர் உடல் கெட்டுத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். ஒப்பந்தம் முடிந்து அங்கேயே தங்கியவர்கள் சுமார் 6,700 பேர்.

பாதை 1899-இல் ஒரு சதுப்பு நிலத்தை அடைந்தது. அங்கே முகாம் போட்டார்கள். அந்த முகாம்தான் நைரோபி. 1901-இல் பாதை ஏரிக்கரையைத் தொட்டது. 1904-இல் வங்கி நைரோபியில் கிளை திறந்தது. 1906-இல் உகாண்டாவின் எண்டெபியில் திறந்தபோது அந்த நாட்டுக்கே அதுதான் முதல் வங்கி. ஸ்டாண்டர்டு பேங்க் ஆஃப் சவுத் ஆப்பிரிக்கா இந்தப் பக்கம் எட்டிப்பார்த்தது 1911-இல்தான். அதுவரை போட்டி என்று சொல்லவே ஆளில்லை.

வங்கி இல்லாத உள்நாட்டில் யார் பணம் மாற்றினார்கள் என்று கேட்கலாம். கட்சிலிருந்து சிறுவயதில் வந்த அல்லிதினா விஸ்ராம் போன்ற வணிகர்கள்தான். அவருடைய கடைகள் கடற்கரை முதல் உகாண்டா வரை சங்கிலி மாதிரி நீண்டிருந்தன. ஒரு கடையில் பணத்தைக் கட்டிச் சீட்டு வாங்கி, நூறு மைல் தள்ளி இன்னொரு கடையில் காசாக்கிக்கொள்ளலாம். நம் உண்டியல் முறைதான். இன்றைக்கும் சுவாஹிலி மொழியில் காசோலைக்கு 'ஹுண்டி' என்று ஒரு சொல் இருக்கிறது. கடைக்கு 'டுகா'. லட்சத்துக்கு 'லாக்கி'. பணத்துக்கு 'பெசா', நம்ம பைசாதான். ஆயிரம் சட்டம் போட்டாலும் அழிக்க முடியாதபடி மொழிக்குள் இப்படி உட்கார்ந்துகொண்டது இந்திய வியாபாரம்.

ரூபாய் செத்த கதை

இனி வருவதுதான் இந்த வரலாற்றில் என்னை மிகவும் யோசிக்க வைத்த பகுதி. கொஞ்சம் கணக்கு வரும், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முதல் உலகப்போருக்கு முன் 15 ரூபாய் ஒரு பவுண்டு. அதாவது ஒரு ரூபாய்க்கு 1 ஷில்லிங் 4 பென்ஸ். பல வருடம் ஆடாமல் அசையாமல் நின்ற விகிதம். கென்யாவில் நிலம் பிடித்த வெள்ளைக் குடியேறிகள் காபி, சணல்நார் பயிரிட வங்கியில் ரூபாயில் கடன் வாங்கினார்கள். விளைச்சலை லண்டனில் பவுண்டுக்கு விற்றார்கள். கூலியாட்களுக்குச் சம்பளத்தை ரூபாயில் கொடுத்தார்கள். விகிதம் நிலையாக இருக்கும்வரை யாருக்கும் தொல்லை இல்லை.

போர்க்காலத்தில் வெள்ளி விலை ஏறியது. ரூபாய் வெள்ளிக் காசு அல்லவா? 1917 முதல் இந்தியாவில் ரூபாயின் மதிப்பைப் படிப்படியாக உயர்த்தினார்கள். 1920 தொடக்கத்தில் அது 2 ஷில்லிங்கையும் தாண்டி எங்கேயோ போய்விட்டது. நைரோபிக் குடியேறிகள் அலறினார்கள். ஏனென்று ஓர் எடுத்துக்காட்டு பாருங்கள். 15,000 ரூபாய் கடன் வாங்கியவன் பழைய கணக்கில் 1,000 பவுண்டு கடன்காரன். ரூபாய் 2 ஷில்லிங் ஆனால் அவனே 1,500 பவுண்டு கடன்காரன். ஒரு பைசாகூடக் கூடுதலாக வாங்கவில்லை. தூங்கி எழுந்தால் கடன் ஒன்றரை மடங்கு. வங்கிகளுக்கோ எதிர்த் திசையில் கவலை. தங்கள் ரூபாய்ச் சொத்தைப் பழைய மட்டமான விகிதத்தில் மாற்றச் சொன்னால் வங்கிக்கு நட்டம். இரண்டு தரப்பும் லண்டனில் காலனி அலுவலகத்தின் கதவைத் தட்டின.

காலனி அலுவலகம் 1920-இல் 2 ஷில்லிங் என்றே தீர்ப்புச் சொன்னது. வங்கிகளுக்கு நிம்மதி. ரூபாய்க்குப் பதில் ஃபுளோரின் என்று ஒரு புதுக் காசு வந்தது. அதுவும் நிலைக்கவில்லை. 1922 முதல் கிழக்கு ஆப்பிரிக்க ஷில்லிங் வந்தது, ஒரு ஃபுளோரினுக்கு இரண்டு. இதையெல்லாம் வெளியிட 1919-இன் கடைசியில் லண்டனில் ஒரு நாணய வாரியமும் அமைத்திருந்தார்கள். இதற்கிடையில் இந்தியாவில் ரூபாய் மறுபடி சரிந்து பழைய இடத்துக்கே வந்துவிட்டது. இந்தியாவில் 1 ஷில்லிங் 4 பென்ஸ் பெறும் காசு மொம்பாசாவில் 2 ஷில்லிங்! சும்மா இருப்பார்களா? ரூபாய் மூட்டை மூட்டையாகக் கடத்தப்படும் என்று பயந்து, இறக்குமதியைத் தடுத்து, 1921-இல் இந்திய ரூபாய் செல்லாது என்று அறிவித்தார்கள். மாற்றிக்கொள்ளக் கொடுத்த அவகாசமோ குறைவு. செல்லாத நோட்டு அறிவிப்பு என்றால் என்ன என்பது 2016 நவம்பரில் ஏ.டி.எம். வாசலில் வரிசையில் நின்ற நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். செய்தித்தாளும் தந்தியும் எட்டாத ஒரு கிக்குயு கிராமத்தில், குடிசைத் தரையில் வெள்ளி ரூபாயைப் புதைத்து வைத்திருந்தவன் என்ன பாடுபட்டிருப்பான்?

கதை அங்கேயும் முடியவில்லை. கடன் ஒன்றரை மடங்கு ஆனவன் அதை யார் தலையில் கட்டுவான்? 1920-21-இல் உலகச் சந்தையில் விளைபொருள் விலைகளும் விழுந்தன. குடியேறிகள் கூடி, ஆப்பிரிக்கத் தொழிலாளர்களின் கூலியை மூன்றில் ஒரு பங்கு குறைப்பது என்று 1921-இல் முடிவு கட்டினார்கள். வங்கி வட்டி மேசையில் தொடங்கிய வலி இப்படித்தான் காபித் தோட்டத்துக் கூலிக்காரன் வயிற்றில் வந்து இறங்கியது. அதை எதிர்த்து எழுந்தவர் ஹாரி துகு என்ற இளைஞர். நைரோபியில் டெலிபோன் ஆபரேட்டராக வேலை பார்த்தவர். கூலிக் குறைப்பையும், ஆப்பிரிக்க ஆண்கள் கழுத்தில் தொங்கவிட வேண்டிய அடையாளச் சீட்டையும் எதிர்த்துக் கூட்டம் கூட்டினார். அவருக்கு அச்சகமும் அலுவலகமும் கொடுத்து உதவியவர் மணிலால் அம்பாலால் தேசாய் என்ற இந்தியப் பத்திரிகையாசிரியர். 1922 மார்ச் 14-ஆம் தேதி துகுவைக் கைது செய்தார்கள். இரண்டு நாள் கழித்துப் போலீஸ் நிலையத்தின் முன் கூடிய கூட்டத்தின்மேல் துப்பாக்கிச் சூடு. அரசுக் கணக்குப்படியே இறந்தவர்கள் 21 பேர். முன்வரிசையில் நின்று ஆண்களின் கோழைத்தனத்தை ஏசிய மேரி முதோனி ஞாஞ்சிரு என்ற பெண்மணியும் அதில் ஒருவர். கென்ய விடுதலைப் போரின் முதல் ரத்தம் என்று இதைச் சொல்பவர்கள் உண்டு. அந்த ரத்தத்துக்கும் ரூபாய் விகிதத்துக்கும் உள்ள தொடர்பு வங்கிக்காரன் கண்ணுக்குத்தான் பளிச்சென்று தெரிகிறது.

யாருக்குக் கடன், யார் பணம்

1920-களிலிருந்து 1950-கள் வரை வங்கியின் வரலாறு பெரிய திருப்பம் எதுவும் இல்லாதது. நேஷனல் பேங்க் ஆஃப் இந்தியா, ஸ்டாண்டர்டு, பார்க்ளேஸ் என்று மூன்று வங்கிகள் நாட்டைப் பங்கு போட்டுக்கொண்டன. கவுண்டருக்குப் பின்னால் மேனேஜர் வெள்ளையர், லெட்ஜர் எழுதுபவர் இந்தியர், ஃபைல் தூக்குபவர் ஆப்பிரிக்கர். மூன்று படி. நம் ஊரில் இரண்டு படி என்றால் அங்கே மூன்று, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆப்பிரிக்கருக்குக் கடன் என்பது கிட்டத்தட்டக் கிடையாது. அதற்குச் சட்டமே காரணமாக இருந்தது. 1903-லேயே ஓர் ஆணை வந்தது. ஆப்பிரிக்கருக்குக் கடனாகச் சரக்குக் கொடுத்தால் அதை நீதிமன்றத்தில் வசூல் செய்வது கடினம் என்று ஆக்கியது. அப்பாவிகளைக் கடன் வலையிலிருந்து காப்பாற்றத்தான் என்று காரணம் சொன்னார்கள். காப்பாற்றினார்களோ இல்லையோ, ஒரு ஆப்பிரிக்கர் கடை வைக்க முதல் திரட்ட முடியாமல் போனது. நிலத்தை அடமானம் வைக்கலாமே என்றால், ஒதுக்கப்பட்ட பகுதிகளில் இருந்த நிலத்துக்குத் தனிநபர் பட்டாவே இல்லை. 1954-இல் ஸ்வின்னர்டன் திட்டம் என்று ஒன்று வந்தபிறகுதான் பட்டா கொடுக்கும் வேலை மும்முரமானது. அதுவரை வங்கி வாசற்படி ஏறிய ஆப்பிரிக்கர் பணம் கட்ட ஏறியிருப்பார், வாங்க ஏறியிருக்க மாட்டார். உள்ளூரில் கொடுக்க ஆளில்லாத மிச்சப் பணம் லண்டனுக்குப் போய் அங்கே கடன் பத்திரங்களில் உட்கார்ந்தது.

இந்த விஷயத்தில் இந்திய வணிகர்களையும் முழுக்க நல்லவர்கள் என்று சொல்லிவிட முடியாது. வங்கியிலிருந்து மொத்த வியாபாரிக்கு, அவரிடமிருந்து கிராமத்து டுகாவாலாவுக்கு என்று கடன் இறங்கும். டுகாவாலாவோடு அது நின்றுவிடும். ஆனாலும் வெள்ளைக்காரர் போகாத பட்டிக்காட்டில் உப்பும் மண்ணெண்ணெயும் கொண்டுபோய் வைத்து, ஆப்பிரிக்க விவசாயியின் விளைச்சலைக் காசாக்கியவரும் அந்த டுகாவாலாதான்.

1953-இல் பேங்க் ஆஃப் இந்தியாவும் பேங்க் ஆஃப் பரோடாவும் கென்யாவில் கிளை திறந்தன. இவை நிஜமான இந்திய வங்கிகள். பெயரில் மட்டும் இந்தியாவை வைத்திருந்த பழைய வங்கிக்கோ அந்தப் பெயர் பாரமாகிவிட்டது. 1948-இல் அது கிரிண்ட்லே கம்பெனியை வாங்கியிருந்தது. 1828-இல் லண்டனில் தொடங்கிய கம்பெனி அது. இந்தியாவுக்கு வரும் ராணுவ அதிகாரிகளுக்குக் கப்பல் டிக்கெட், சாமான் மூட்டை, சம்பளப் பணம் எல்லாம் பார்த்துக் கொடுத்தவர்கள். 1958-இல் இரண்டையும் இணைத்து, ஓராண்டு இழுபறிக்குப்பின் நேஷனல் அண்ட் கிரிண்ட்லேஸ் பேங்க் என்று பெயர் வைத்தார்கள். இந்தியா என்ற சொல் அத்தோடு போர்டிலிருந்து இறங்கியது.

அறுபதுக்கு நாற்பது

கென்யா 1963 டிசம்பர் 12-ஆம் தேதி விடுதலை அடைந்தது. அங்கே பிறந்து வளர்ந்த இந்தியர்களுக்குக் குடியுரிமை கேட்க இரண்டு வருட அவகாசம். பலர் தயங்கினார்கள், கையில் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இருக்கும் தைரியம். 1967-இல் வணிக உரிமச் சட்டமும் வேலை அனுமதிச் சட்டமும் வந்தன. குடியுரிமை இல்லாதவர் கடையை மூட வேண்டும், வேலையை விட வேண்டும். வங்கிகளின் லெட்ஜர் மேசைகளில் இருந்த இந்தியக் கிளார்க்குகளுக்கும் இதே கதிதான். மூட்டை கட்டிக்கொண்டு லண்டன் விமானம் ஏறினார்கள். பிரிட்டனோ 1968 மார்ச்சில் அவசர அவசரமாகச் சட்டம் போட்டுத் தன் பாஸ்போர்ட்டையே தான் மதிக்காமல் கதவைச் சாத்தியது. வேற்றூரில் பிழைக்கும் நமக்கு இதைப் படிக்கும்போது வயிற்றில் என்னமோ செய்கிறது.

பக்கத்து டான்சானியாவில் ஜூலியஸ் நைரேரே 1967 பிப்ரவரியில் அருஷாப் பிரகடனம் செய்த கையோடு எல்லா வங்கிகளையும் ஒரே வீச்சில் நாட்டுடைமை ஆக்கினார். இந்தியாவில் இந்திரா காந்தி 1969 ஜூலை 19, சனிக்கிழமை இரவு 14 வங்கிகளை எடுத்துக்கொண்டார். அந்நிய வங்கிகளைத் தொடவில்லை, அதனால் கிரிண்ட்லேஸ் நம் ஊரில் பழையபடியே நடந்தது. கென்யாவின் ஜோமோ கென்யாட்டா அரசு வேறு வழி பிடித்தது. பிடுங்குவதில்லை, பேசி வாங்குவது. 1970-இல் நேஷனல் அண்ட் கிரிண்ட்லேஸின் கென்யத் தொழிலில் 60 சதவீதத்தை விலை கொடுத்து வாங்கி, கென்யா கமர்ஷியல் பேங்க் என்று பெயர் சூட்டினார்கள். லண்டனுக்கு 40. கூடவே வெளிநாட்டு வணிகத்தை மட்டும் பார்க்க ஒரு தனி வங்கி, அதில் விகிதம் தலைகீழ். லண்டனுக்கு 60, அரசுக்கு 40. லாபம் எதில் சுலபமாக வரும், கிராமக் கிளைச் செலவு எதில் விழும் என்று யோசித்தால் லண்டன்காரரின் பேரம் பேசும் சாமர்த்தியம் புரியும். 1976-இல் மீதி 40-ஐயும் அரசு வாங்கிவிட்டது.

முதல் செயல் தலைவராக வந்தவர் ஜான் மிச்சுகி. 1979 வரை அந்த நாற்காலியில் இருந்தார். பின்னாளில் போக்குவரத்து அமைச்சராகி, 2004-இல் நைரோபியின் 'மட்டாட்டு' வேன்களுக்கு சீட் பெல்ட்டும் வேகத்தடைக் கருவியும் கட்டாயமாக்கியவர் இவர்தான். அங்கே அதற்கு மிச்சுகி விதிகள் என்றே பெயர். அவர் காலத்தில் வங்கி சிற்றூர்களுக்குப் போனது. பிரேசிலில் 1975-இல் உறைபனி விழுந்து காபிச் செடிகள் கருக, 1976-77-இல் கென்யக் காபிக்கு வரலாறு காணாத விலை. சிறு விவசாயியின் கையில் முதன்முறையாகக் காசு புரண்டது, அதைப் போட்டு வைக்க ஒரு பாஸ்புக்கும் கிடைத்தது.

அப்புறம் நம் அரசுடைமை வங்கிகளுக்கு வந்த அதே வியாதி அங்கேயும் வந்தது. அரசாங்கம் முதலாளி என்றால் சிபாரிசுக் கடிதமும் கூடவே வரும். செல்வாக்கு உள்ளவர்களுக்கும் அரசு நிறுவனங்களுக்கும் போன கடன்கள் திரும்பவில்லை. இந்த வியாதியை நான் சொல்லக் கூசவில்லை, முப்பத்து நான்கு வருடம் பக்கத்திலிருந்து பார்த்தவன். 1988-இல் 20 சதவீதப் பங்குகளைப் பொதுமக்களுக்கு விற்றார்கள். நோய் உடனே தீரவில்லை, இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் வங்கி பெரும் நட்டத்தில் இருந்தது. 2003-இல் சிட்டி வங்கியிலிருந்து வந்த டெர்ரி டேவிட்சன் பொறுப்பேற்றபின் மெல்ல நிமிர்ந்தது. அரசின் பங்கு படிப்படியாகக் குறைந்து ஐந்தில் ஒன்றுக்கும் கீழே வந்தது.

நிமிர்ந்தபின் எல்லை தாண்டியது. ஏற்கெனவே 1997-இல் டான்சானியா போயிருந்தது. 2006-இல் தெற்கு சூடானின் ஜூபா, அடுத்து உகாண்டா, ருவாண்டா, 2012-இல் புருண்டி, 2022-இல் காங்கோ. ஜூபாவுக்கு முந்திக்கொண்டு போய் நன்றாகச் சம்பாதித்தது. 2013-இல் அங்கே உள்நாட்டுப் போர். 2015 டிசம்பரில் அந்த நாட்டுப் பவுண்டை மிதக்க விட்டபோது அதன் மதிப்பு ஒரே நாளில் ஆறில் ஒரு பங்காகச் சுருங்கியது. 1920-இல் நாணய விகிதம் ஏறியதில் தப்பித்த வங்கி, தொண்ணூற்றைந்து வருடம் கழித்து இன்னொரு நாணயம் இறங்கியதில் அடி வாங்கியது.

கிபாண்டே ஹவுஸ்

2011-இல் என் மருமான் நைரோபியில் கணக்கராக வேலை பார்த்தான். அவனைப் பார்க்கப் போயிருந்தபோது கென்யாட்டா அவென்யூவில் ஒரு பழைய கல் கட்டடத்தைக் காட்டினான். பெயர் கிபாண்டே ஹவுஸ். 1913-இல் குர்தித் சிங் நய்யர் என்ற சீக்கியர் வடிவமைத்துக் கட்டியது. கிபாண்டே என்றால் துண்டுச் சீட்டு. ஹாரி துகு எதிர்த்தாரே, அந்த அடையாளச் சீட்டு. கைரேகை பதித்து, தகரக் கூட்டில் போட்டு, ஆட்டுக்கு மணி கட்டுகிற மாதிரி ஆப்பிரிக்க ஆண்கள் கழுத்தில் கட்டித் திரிய வேண்டும். எந்த முதலாளியிடம் எத்தனை நாள் வேலை, என்ன சம்பளம் என்று அதில் எழுதியிருக்கும். முதலாளி கையெழுத்துப் போட்டு விடுவிக்காமல் வேறு வேலைக்குப் போனால் சிறை. இந்தக் கட்டடத்தின் வாசலில்தான் அந்தச் சீட்டுக்காக வரிசையில் நின்றார்கள். அதனால்தான் அந்தப் பெயர்.

அந்தக் கட்டடத்தை 1976-இல் கென்யா கமர்ஷியல் பேங்க் வாங்கிக் கிளையாக்கியது. லண்டனின் மிச்சப் பங்கையும் வாங்கி வங்கி முழுக்கக் கென்யாவுக்குச் சொந்தமான அதே வருடம். இடிக்கவில்லை, பெயரையும் மாற்றவில்லை.

உள்ளே போனோம். என்னிடம் கொஞ்சம் டாலர் இருந்தது, மாற்ற வேண்டும். வரிசையில் நின்றவர்கள் பாதிப் பேர் கையில் செல்போனைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். எம்-பெசாவில் பணம் அனுப்புகிறார்கள் என்றான் மருமான். 2007-இல் தொடங்கி நாடு முழுக்கப் பரவிவிட்ட கைபேசிப் பணம் அது. எம் என்றால் மொபைல், பெசா நம்ம பைசா. (2015-இல் இந்த வங்கியே எம்-பெசாவோடு சேர்ந்து கைபேசியில் கடன் கொடுக்கும் திட்டம் தொடங்கியது.)

கவுண்டரில் இருந்த பெண் என் பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்த்து, "கல்கத்தாவா? ரொம்ப தூரமாச்சே" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். "உங்க வங்கி பிறந்ததே எங்க ஊர்லதான், 1863-ல" என்றேன். பெரியவர் ஏதோ தமாஷ் பண்ணுகிறார் என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது. சிரித்துக்கொண்டே ஷில்லிங்கை இரண்டு தடவை எண்ணி என்னிடம் நீட்டிவிட்டு, எனக்குப் பின்னால் நின்றவரைக் கூப்பிட்டாள்.